பளபளக்கும் பெயிண்டை நம்பாதீர்கள்

பழைய ஆயில் எஞ்சின், அதாவது கிணற்றுப் பம்பை ஓட்டும் டீசல் எஞ்சின், வாங்கிச் சேர்ப்பவன் நான். முதலில் வாங்கியது பச்சை பெயிண்டில் பளபளவென்று இருந்தது. ஆத்தூர் பக்கம் ஒரு தோட்டம். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது, நானும் மயங்கிவிட்டேன். அம்மாபேட்டையில் வீட்டுக் கொல்லையில் இறக்கி அரை மணி நேரம் ஓடவிட்டதும், சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறையான ஜாக்கெட்டின் பக்கவாட்டில் வியர்வை போல முத்து முத்தாகக் கசிந்தது. சுரண்டிப் பார்த்தால் பெயிண்டுக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் ஒரு சாண் விரிசல்.

அன்றிலிருந்து அழுக்கு எஞ்சினைத்தான் தேடுகிறேன். எண்ணெய்க் கசடு அப்படியே இருந்தால் எங்கே ஒழுகியது என்று தடம் தெரியும்.

அந்த விரிசல் எப்படி வருகிறது? கிணற்று எஞ்சினுக்குப் பம்பு தண்ணீரிலிருந்தே ஒரு சின்னக் குழாய் பிரித்து ஜாக்கெட்டுக்குக் கொடுப்பார்கள். கிணறு வற்றி பம்பு காற்று வாங்கினால் எஞ்சினுக்கும் தண்ணீர் நின்றுபோகும். கொதிக்கிற வார்ப்பிரும்பில் யாராவது பதறிப்போய் ஒரு குடம் பச்சைத் தண்ணீரை ஊற்றுவார்கள். அவ்வளவுதான். அதனால் தண்ணீர் வெளியேறும் குழாயைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் அந்த எஞ்சின் பல நாள் சூட்டில் ஓடியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

ஏற்காட்டு எஸ்டேட் எஞ்சின் வேறு ரகம். காப்பிப் பழம் உரிக்கும் பல்ப்பரை ஓட்டியது, வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான் வேலை. தேய்மானம் குறைவு. ஆனால் மீதி மாதமெல்லாம் ஈரத்தில் சும்மா நின்று பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு இறுகியிருக்கும். சுத்தியல் எடுக்காதீர்கள். டீசலை உள்ளே பீய்ச்சும் நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, பத்து நாள் விட்டு, பக்கத்தில் இருக்கும் கனச் சக்கரமான பிளைவீலை முன்னும் பின்னும் அசைத்துக் கொடுங்கள். இன்னொன்று: மலை மேலே காற்று லேசு. லோடில் கொஞ்சம் கறுப்புப் புகை வந்தால் அங்கேயே குறை சொல்லிவிடாதீர்கள்.

சரி, நின்றிருக்கும் எஞ்சினை எப்படிச் சோதிப்பது? வால்வைத் திறந்து வைத்து உள்ளே அழுத்தம் சேராமல் தடுக்கும் டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி மெதுவாகச் சுற்றுங்கள். டீசல் குழாயில் காற்று இல்லாமல் இருந்தால், ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒருமுறை நாசில் 'கிர்ர்க்' என்று முனகும். அந்தச் சத்தம் கேட்டால் டீசல் பம்பு, நாசில் இரண்டையும் ஓரளவு நம்பலாம். அப்புறம் லிவரை இறக்கி பிளைவீலைக் கையால் தள்ளுங்கள், ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ள வேண்டும். கடைசியாக, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் பிளைவீலை இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'டொக்' கேட்கிறதா? கனெக்டிங் ராடு பேரிங்காக இருக்கலாம், பிளைவீலைத் தண்டோடு இறுக்கும் ஆப்பான சாவி தளர்ந்தும் இருக்கலாம். விலையைக் குறைக்க இந்த ஒரு 'டொக்' போதும்.

புதிதாகக் கற்கிறவருக்கு நான் சொல்வது லிஸ்டர் சி.எஸ். வகைதான். இங்கிலாந்தின் டர்ஸ்லியில் பிறந்த மாடல். 5 குதிரைத்திறன் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றுதான் ஓடும், ஒவ்வொரு அடியையும் காதால் பிரித்துக் கேட்கலாம். 1,500 சுற்று ஓடும் கிர்லோஸ்கரில் அது முடியாது. ராஜ்கோட்டில் இதே அச்சில் நிறைய வார்த்தார்கள், அதனால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. பித்தளைத் தகட்டில் இங்கிலாந்துப் பெயர் இருப்பதால் மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். தகட்டைக் கழற்றி மாட்ட இரண்டு ஆணி போதும்.

வேட்டியோடு பிளைவீல் பக்கம் போகவே கூடாது, வெளியே நீட்டியிருக்கும் சாவித் தலை துணியை இழுத்துவிடும். எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். எதிர்ச்சுற்று அடித்தால் கட்டைவிரல்தான் முதலில் போகும்.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஹேண்டிலைக் கேட்டு வாங்குங்கள். என் மூன்றாவது எஞ்சினின் ஹேண்டில் வாழப்பாடி பக்கத்தில் ஒரு கிணற்றடியில் ஆடு கட்டும் முளையாக நின்றது. "இருங்க தம்பி, ஆட்டை அந்தப் பக்கம் கட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா பிடுங்கிக் கொடுத்தார்.