எம்டன் இரவை மேசையில் ஆடுவது எப்படி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுவது வேடமேற்பு ஆட்டம் (role-playing game). கதையை முதன்மையாகக் கொண்ட அத்தகைய ஆட்டத்தை நடத்துபவர், முடிவுவரை எழுதிவைத்த கதையோடு மேசைக்கு வரக்கூடாது. நெருக்கடியான ஒரு சூழலும், அதில் ஆளுக்கொரு தேவையோடு சிக்கிக்கொண்ட மாந்தரும் இருந்தால் போதும். சென்னையில் ஆடும் குழுவுக்கு நான் பரிந்துரைப்பது 1914 செப்டம்பர் 22 இரவு: ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின்மீது குண்டு பொழிய, அஞ்சிய மக்கள் பலர் ஊரைவிட்டு வெளியேறத் தொடங்கிய நேரம்.

பாத்திரங்களை எல்லோரும் கூடி உட்கார்ந்தே உருவாக்குங்கள். ஜார்ஜ் டவுன் கணக்கரின் நகை ராயபுரத்துப் படகோட்டியிடம் அடகில் இருக்கிறதென்றால், கதை தானே நகரும்.

பகடைக்கு, 2010-இல் வெளிவந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற வேடமேற்பு ஆட்டம் பரப்பிய முறை எளிது. விளைவு ஐயத்துக்குரியதாக இருக்கும்போது மட்டும் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணைக் கூட்டுங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி, 7 முதல் 9 வரை என்றால் விலை கொடுத்துப் பெறும் வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நடத்துபவர் நிலைமையைச் சிக்கலாக்குவார். அந்த இடைப்பட்ட விளைவில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது: படகு கிடைக்கிறது, ஆனால் ஒருவருக்குத்தான் இடம். அப்போது நடத்துபவர் வழி எதுவும் காட்டாமல், “யாரை ஏற்றுகிறீர்கள்?” என்று மட்டும் கேட்க வேண்டும்.

மேசையில் எந்த விஷயங்கள் வேண்டாம் என்பதை, ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். நடுவில் எவரேனும் நிறுத்தச் சொன்னால், காரணம் கேட்காமல் காட்சியை மாற்றிவிடுங்கள்.