செங்டுவில் சைவமாகச் சாப்பிட முதலில் கற்க வேண்டிய சீனச் சொற்கள்

சீனாவின் செங்டு நகருக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்ய வேண்டியவற்றுள் பெரும்பாலானவை எளியவை. விடுதியில் தங்காமல் வீடெடுத்துத் தங்குபவர்கள் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். பணம் செலுத்த இங்கு எல்லோரும் பயன்படுத்தும் கைபேசிச் செயலிகளான வீசாட்டிலோ அலிபேயிலோ வங்கி அட்டையை இணைத்துவிட்டால், உணவக மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தே வேண்டியதைச் சொல்லிவிடலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் அகப்பட்டுக்கொள்வது அதற்குப் பிறகுதான்.

என் அம்மா இங்கு வந்திருந்தபோது, வீட்டருகே ஒரு சிறிய உணவகத்துக்கு அழைத்துப் போனேன். அம்மாவைக் காட்டி, "தா பூ ச்சி ரோவ்", அதாவது "இவர் இறைச்சி சாப்பிடமாட்டார்" என்று தெளிவாகச் சொன்னேன். பட்டியலின் காய்கறிப் பகுதியிலிருந்து, காய்ந்த மிளகாயும் சிச்சுவான் மிளகும் சேர்த்துத் தோல் சுருங்க வதக்கிய பீன்ஸைக் கேட்டேன். பார்ப்பதற்குத் தேங்காய்ப்பூ போடாத நம்மூர்ப் பீன்ஸ் பொரியல் போலவே இருந்தது. வந்த நாள் முதல் ரொட்டியும் வாழைப்பழமுமாக இருந்த அம்மா, ஆசையோடு சோற்றில் சேர்த்துக்கொண்டார். இரண்டாவது வாயிலேயே நிறுத்திவிட்டார். பீன்ஸின் மேல் பழுப்பாக ஒட்டியிருந்ததை வதங்கிய பூண்டு என்று நான் நினைத்திருந்தேன். அது பன்றிக் கொத்துக்கறி.

கடைக்கார அம்மாளுக்குக் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. "இது ரோவ் இல்லையே, மணத்துக்குக் கொஞ்சம் ரோவ் மோ" என்று சொல்லி, சாப்பாட்டுக் குச்சியால் ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கி எடுக்கவே தொடங்கிவிட்டார். அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்தார். அன்று இரவு வரை வெந்நீர் மட்டுமே குடித்தார். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

சிக்கல் சொல்லில்தான் இருக்கிறது. "ரோவ்" என்று தனியாகச் சொன்னால் பெரும்பாலும் பன்றியிறைச்சி என்றுதான் கொள்வார்கள், அதுவும் துண்டுகளாகத் தெரிவதை. கொத்துக்கறியான "ரோவ் மோ", பன்றிக் கொழுப்பான "ஜூ யோவ்", சுவைக்காகத் தூவும் கோழிச்சாரப் பொடியான "ஜீ ஜிங்" ஆகியவை சமைப்பவரின் கணக்கில் மசாலாவைச் சேர்ந்தவை. "ட்ஸாய் மட்டும் போதும்" என்றும் சொல்லாதீர்கள். அந்தச் சொல் கீரை காய்கறிகளையும் குறிக்கும், சமைத்த எந்தப் பதார்த்தத்தையும் குறிக்கும்.

ஆகவே "இறைச்சி வேண்டாம்" என்று தொடங்காமல், "வோ ச்சி ஸூ", "நான் சைவம்" என்று தொடங்குங்கள். "ஸூ" என்பதை, "போ!" என்று அதட்டும்போது குரல் இறங்குவதுபோல இறக்கிச் சொல்ல வேண்டும். அதன்பின் "பூ யாவ் ரோவ் மோ, பூ யாவ் ஜூ யோவ், பூ யாவ் ஜீ ஜிங்" என்று ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும். முட்டையும் ஆகாதென்றால் "ஜீ தான்" என்பதையும் தனியே சொல்லுங்கள், ஏனெனில் சைவத்தில் முட்டையைச் சேர்த்துக்கொள்பவர்கள் இங்கு உண்டு. மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் நாமே வேகவைத்துச் சாப்பிடும் ஹாட்பாட் கடைகளில் குழம்பின் அடிப்படையே மாட்டுக் கொழுப்பு, அதாவது "நியோவ் யோவ்". மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்களும் தாவர எண்ணெயான "ச்சிங் யோவ்" இருக்கிறதா என்று கேட்டுவிட்டே உட்கார வேண்டும்.

எழுத்துகளில் இரண்டையாவது கண்ணுக்குப் பழக்குங்கள். "ரோவ்" எழுத்து, அடிப்பக்கம் திறந்த ஒரு வாசல் சட்டத்துக்குள் ஒருவர் கீழ் ஒருவராகக் கால் விரித்து நிற்கும் இருவரைப் போல இருக்கும். மேலே நிற்பவரின் தலை மட்டும் சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். "ஸூ" எழுத்தின் மேற்பகுதியில் மூன்று கிடைக்கோடுகள், கீழே நூலைக் குறிக்கும் வடிவம். சாயமேற்றாத வெண்பட்டு என்பதே அதன் பழைய பொருள்.

நான் பிறகு அம்மாவை வென்ஷூ பௌத்த மடத்தின் சைவ உணவகத்துக்கு அழைத்துப் போனேன். பௌத்த முறைச் சமையலில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்கமாட்டார்கள். சீனச் சந்திர மாதத்தின் 1ஆம், 15ஆம் நாள்களில், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சைவம் மட்டும் உண்ணும் வழக்கம் இங்கே பலருக்கும் உண்டு என்று சொன்னபோதுதான், அம்மா இந்த ஊரில் முதன்முறையாக இன்னொரு கரண்டி சோறு கேட்டார்.