வன்னிக் குளங்களில் துடுப்புப் படகு இறக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கயாக் போன்ற சிறு துடுப்புப் படகுகளுக்கென்று அமைந்த பொது இறங்குதுறையை இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிப் பெருநிலத்தில் காண்பது அரிது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நகரை ஒட்டியே குளங்கள் இருந்தாலும், அவை வயலுக்கு நீர் பாய்ச்சுவதற்காகக் கட்டப்பட்டவை. ஆகவே எங்கே படகை இறக்குவது என்பதை வருபவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீரில் நேர்கிற விபத்துகளுக்கும் கரையில் எழுகிற சச்சரவுகளுக்கும் பெரும்பாலும் அந்தத் தீர்மானமே காரணமாகிறது.

வாகனம் போகக்கூடிய இடமே படகு இறக்கவும் ஏற்றது என்று கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வாகனம் போவது குளக்கட்டின் மேல். கட்டின் உட்சரிவில் அலை அரிக்காதபடி அடுக்கிய கற்கள் நீர்மட்டம் ஏறி இறங்குவதால் பாசி பிடித்து வழுக்கும். குளத்தின் ஆழமும் கட்டோரத்திலேயே மிகுதி. கிளிநொச்சியின் பெருங்குளமான இரணைமடுவின் முழு நீர்மட்டம் 36 அடி என்று சொல்லும்போது அந்த ஆழம் கட்டின் பக்கத்தில்தான் கிடக்கிறது. அங்கே கவிழ்ந்தவருக்குக் கால் ஊன்ற நிலம் இராது, பிடித்து ஏறக் கல்லைத் தவிர வேறொன்றும் இராது.

வயலுக்கு நீர் திறந்துவிடும் மதகான துருசும் அதே கட்டில்தான் இருக்கிறது. துருசு திறந்திருக்கையிலும் நீரின் மேற்பரப்பு அசைவற்றுத் தோன்றலாம். இழுப்பு அடியில் நிகழ்வதால் மேலே நிற்பவருக்கு அது தெரியாது. எந்த நாளில் நீர் திறப்பது என்பது போகத்துக்கு முன் அதிகாரிகளும் கமக்காரரும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகிறது. அது ஊருக்குத் தெரிந்த செய்தி. அதைக் கேட்டறியாமல் துருசருகே படகு விடுவது, சாலையின் இருபுறமும் பாராமல் கடப்பதற்கு ஒப்பானது. மாரியில் குளம் நிரம்பி மிகுநீர் வழியும், அதாவது வான் பாயும், காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கீழே என்ன நடந்தது என்பதைக் கிளிநொச்சி மக்கள் அறிவார்கள். வான் பாய்கிற குளத்தில் பொழுதுபோக்குக்காகப் படகு இறக்கவே கூடாது.

காற்றைக் கணக்கில் எடாமையும் இதனோடு சேர்ந்தது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகம் பகல் ஏறஏற வலுக்கும். இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால் இரணைமடுவின் கட்டு குளத்தின் வடபுறத்தில் அமைந்திருக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் நீண்ட நீர்ப்பரப்பைக் கடந்து அலையை அந்தப் பக்கமாகவே தள்ளும். காலையில் கட்டோரத்தில் எளிதாக இறங்கியவர், நடுப்பகலில் அதே இடத்தில் கரையேற முயலும்போது படகு கல்லில் மோதும்.

இவற்றையெல்லாம் எண்ணினால், கட்டில்லாமல் நீர் பரவி ஏறும் ஓரமான அலைகரைப் பக்கத்தின் மென்சரிவே ஏற்றது; ஆனால் அங்கும் கவனமின்றி இறங்கலாகாது. ஆவணியில் நீர் வெகுதூரம் பின்வாங்கி, இடையில் முழங்கால் புதையும் சேறு கிடக்கும். குளத்தின் நீர் பரவியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள், குளம் அரைவாசி வற்றியிருக்கும்போது மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நின்று படகின் அடியைக் கிழிக்கும். கோரையும் ஆம்பலும் அடர்ந்த கரையில் முதலை கிடக்கலாம் என்பதால், ஆடுமாடு நீர் குடிக்க இறங்கித் திறந்து கிடக்கும் கரையைத் தேர்வதே நல்லது. அங்கும் தண்ணீரைச் சற்று நேரம் பார்த்துவிட்டே கால் வைக்க வேண்டும். குறுக்கு வழி தேடிப் புழங்காத பற்றைக்குள் படகைச் சுமந்து நுழைவதோ வன்னியில் வேறு வகையான ஆபத்து. கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக முடிந்துவிடவில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்று கொள்ளவும் கூடாது. ஊரவர் நடக்கும் தடத்தை விட்டு விலகாதிருப்பதே வழி.

அப்படிப் பார்த்தால் நன்னீர் மீனவர்கள் வள்ளம் இறக்கும் துறையே பெரும்பாலும் மிகச் சிறந்த இடமாக அமையும். அது எவரும் கேளாமல் பயன்படுத்தத்தக்க இடம் என்று எண்ணுவது அடுத்த தவறு. மாலையில் விரித்த வலையை விடியலில் எடுத்து மீன் இறக்கும் நேரத்தில் அங்கே வாகனத்தைக் குறுக்கே நிறுத்தினால், மறுமுறை வரவேற்பு இருக்காது. மீனவர் சங்கத்தில் ஒரு சொல் கேட்டால் வலை எங்கே கிடக்கிறது, கட்டை எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். எந்த வரைபடத்திலும் அது இராது. பெண்கள் குளிக்கும் துறையில் படகு இறக்காதிருக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆயினும் வெளியூரிலிருந்து வருவோருக்காகச் சொல்லி வைக்கிறேன். பெருங்குளமாயின் நீர்ப்பாசனப் பொறியியலாளர் அலுவலகத்திலும், சிறுகுளமாயின் கமநல சேவை நிலையத்திலும் முன்கூட்டியே அறிவிப்பது முறை.

குளத்துக்குச் சொன்ன இந்த இணக்கம் கடல்நீரேரிகளுக்குப் போதாது. நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. கொக்கிளாய் 1951 முதல் சரணாலயம். நந்திக்கடலைக் கடக்கும் வட்டுவாகல் பாலத்தருகே வீதியும் நீரும் தொட்டுக்கொண்டிருப்பதால் படகை அங்கேயே இறக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி இறக்குவது சட்டச் சிக்கலாகும். மாரியில் மணற்றிட்டு உடைந்து முகத்துவாரம் திறந்திருந்தால் நீரோட்டம் படகைக் கடலுக்கே கொண்டு போகும்.

கரையேறிய பின்னும் ஒரு வேலை மீதியிருக்கிறது. 1939இல் இலங்கைக்குள் கொண்டுவரப்பட்ட மிதக்கும் நீர்க்களையான சல்வீனியாவின் சிறு துண்டு படகின் அடியில் ஒட்டியிருந்தாலே அடுத்த குளத்தில் பரவப் போதுமானது, ஆகாயத்தாமரையும் அவ்வாறே. வேறொரு குளத்துக்குப் புறப்படுமுன் படகிலும் துடுப்பிலும் கயிற்றிலும் சிக்கியிருப்பதை எடுத்து, நீர் எட்டாத மேட்டில் போட்டுக் காயவிட வேண்டும்.