ஊர் வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. எழுத்துப் பிழையை யாரும் திருத்தலாம். நாங்கள் அந்த வயதில் செய்த வேறு பிழைகள் அப்படியே திரும்பி வருகின்றன.

முடிவை வைத்துக் காரணம் சொல்வது

இதைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். களுவாஞ்சிக்குடிப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: "ஒல்லாந்தர் ஏமாற்றுவர் என்பதை உணராமல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை விரட்ட 1638இல் அவர்களோடு ஒப்பந்தம் செய்தான்." ஒரு தொல்லையை விட்டு இன்னொன்றில் மாட்டுவதைச் சொல்லும், இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய சிங்களப் பழமொழியும் கீழே.

"அந்த மே மாதம் அரசனுக்கு என்ன தெரிந்திருக்கும், மனே?"

"போர்த்துக்கேயர் எதிரி எண்டு தெரியும் சேர்."

"வேறு?"

பேச்சில்லை.

சரி, பார்ப்போம். மட்டக்களப்புப் புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை அந்த மாதம்தான் ஒல்லாந்தரிடம் விழுந்திருந்தது. 1638 மார்ச்சில் கண்டிக்கு அருகே கன்னொறுவையில் அவர்களுடைய படையை அரசன் அழித்துவிட்டான். ஆனால் மற்றக் கடற்கரைக் கோட்டைகளுக்குக் கடல்வழியே வரும் உதவியை மறிக்க அவனிடம் கப்பற்படை இல்லை. ஒல்லாந்தரிடம் இருந்தது. அன்றைக்கு அவன் கண்முன் இருந்தது இவ்வளவுதான். 1640இல் காலியையும் 1656இல் கொழும்பையும் அவர்கள் தமக்கே வைத்துக்கொள்வார்கள் என்பது எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அவன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டவனுமல்ல. பிடித்த கோட்டையில் ஒல்லாந்தர் படை இருப்பது அரசன் விரும்பினால்தான் என்ற நிபந்தனை அவனுடைய பிரதியில் இருந்தது. அவர்களுடைய பிரதியில் இல்லை. ஏமாளியா இப்படி ஒரு வரியைப் போட்டுக்கொள்வான்?

பையனுக்குச் சொன்னது இது: 1638ஐப் பற்றிய பத்தியை எழுதும்போது அதற்குப் பிந்திய குறிப்புகளை மேசையிலிருந்து எடுத்துவிடு. அவை இல்லாமல் விளக்கம் நிற்காவிட்டால் அது விளக்கமே இல்லை. காலியும் கொழும்பும் அடுத்த அத்தியாயத்தில் வரட்டும்.

ஒற்றைக் காரணம்

அம்பாறையின் குடிப்பரம்பல் ஏன் மாறியது? 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நீர்த்தேக்கம் குடியேற்றத்துக்கு வழி திறந்தது, மறுக்கவில்லை. யாருக்குக் காணி கொடுப்பது என்பதைத் தண்ணீரா தீர்மானித்தது? 1961இல் தனி மாவட்டம் பிரித்ததும் இன்னொரு முடிவு. ஒவ்வொன்றையும் எடுத்தது யார் என்று தனித்தனியே கேளுங்கள்.

மான்மியத்தைச் சாட்சிக்கு இழுப்பது

மட்டக்களப்பின் பழங்கதைகளையும் மரபுகளையும் சொல்லும் மட்டக்களப்பு மான்மியம் என்ற நூல், தன்னை எழுதியவர்களின் மனதுக்கு நல்ல சாட்சி. அதில் வரும் அரசன் வாழ்ந்தான் என்பதற்கு இன்னொரு சாட்சி வேண்டும்.

"இது தற்செயலல்ல"

வெட்டிவிடுங்கள்.

"ஆதிகாலந்தொட்டு"

நூற்றாண்டைப் போடுங்கள்.