ஊரை நோக்கிப் புயல், நாம் சிங்கப்பூரில்: கரை கடக்கும் வரை செய்ய வேண்டியவை

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இங்கே இருக்கும் பலருக்குக் கை தானாகப் போனுக்குப் போகும். எம்ஆர்டி ரயிலில் நின்றபடி, சைட்டில் சாப்பாட்டு நேரத்தில், வங்கக் கடலில் ஏதாவது சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். நாகப்பட்டினம், வேதாரண்யம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கடலூர், புதுச்சேரி என்று அப்பா அம்மாவோ மனைவி பிள்ளைகளோ அங்கே இருக்க, நாம் இங்கே இருக்கிறோம். புயல் வரப்போகிறது என்று செய்தி வந்ததிலிருந்து மறுபடி அவர்கள் குரலைக் கேட்கும் வரைக்கும் உள்ள அந்த நாலைந்து நாளில் என்னென்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதுகிறேன். இதில் முக்கியமானது ஒன்றே ஒன்று: நம்மால் முடிந்த எல்லா உதவியும் லைன் இருக்கும்போது செய்வதுதான். கரண்டு போய், டவரும் போன பிறகு இங்கிருந்து நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. அதனால் பேச வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள், அப்புறம் கொஞ்ச நேரம் தொடர்பே இருக்காது என்பதையும் சேர்த்தே திட்டம் போடுங்கள்.

முதலில் அறிவிப்பைச் சரியாகப் படிக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையம் புயல் விஷயத்தில் கட்டம் கட்டமாகத்தான் சொல்லும்: சுமார் 72 மணி நேரத்துக்கு முன்னால் ஒரு முன்னறிவிப்பு, கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்க 48 மணி நேரம் இருக்கும்போது ஓர் எச்சரிக்கை, 24 மணி நேரம் இருக்கும்போது அதைவிடக் கடுமையான எச்சரிக்கை, கடைசி 12 மணி நேரத்தில் கரை கடந்த பிறகு உள்மாவட்டங்களில் என்ன ஆகும் என்பது. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அது புயல், அப்போதுதான் பெயர் வைப்பார்கள். பெயர் இல்லையே, வெறும் காற்றழுத்தத் தாழ்வுதானே என்று விட்டுவிடக் கூடாது. 2015 டிசம்பர் 1 அன்று சென்னையை மூழ்கடித்த மழைக்குப் பெயரே கிடையாது, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது.

கரை கடக்கும் இடத்தையும் கல்வெட்டு மாதிரி நம்ப வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் உருவானபோது முதலில் சொன்னது வட தமிழகத்துக்கும் தெற்கு ஆந்திராவுக்கும் இடைப்பட்ட கரையை. நாள் நெருங்க நெருங்கப் பாதை தெற்கே இறங்கி, கடைசியில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே உள்ளே வந்தது. ஐந்து நாளைக்கு முந்தைய படத்தைப் பார்த்து ‘நம்ம ஊருக்கு இல்லை’ என்று நிம்மதியாக இருந்தவர்கள் இருக்கிறார்கள். நேர்மாறாகவும் நடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா பக்கம், ஆனால் அதற்கு முந்தைய நாளே சென்னை தண்ணீரில் கிடந்தது. ஆகவே வரைபடத்தில் அந்தக் கோடு எங்கே முடிகிறது என்பதை மட்டும் பார்க்காமல் உங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு மழை, எவ்வளவு காற்று என்று தனியாகப் பாருங்கள். விண்டி மாதிரி செயலிகளில் ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு இடத்தைக் காட்டும், நாலு நாளைக்கு மேல் தள்ளி இருப்பதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். சென்னை மண்டல வானிலை மையத்தின் அறிக்கை, அதோடு தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போல நிதானமாகத் தமிழில் விளக்கும் ஒருவர், இரண்டும் போதும். புயல் கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் டெல்டாவுக்குக் காரைக்கால் ரேடார் படம் மற்ற எல்லாவற்றையும்விட உபயோகமானது.

நேரக் கணக்கு குழப்பும். இந்தியாவைவிட நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். செயற்கைக்கோள் படங்களில் பெரும்பாலும் உலகப் பொது நேரம் இருக்கும், அதோடு எட்டு மணி கூட்டினால் சிங்கப்பூர் நேரம். மழை அளவு அங்கே காலை எட்டரைக்கு எட்டரை கணக்கு, அதாவது நமக்குப் பதினொரு மணி. நள்ளிரவுக்கு மேல் கரை கடக்கும் என்றால் நமக்கு அது விடியற்காலை. கஜா கரை கடந்தது அங்கே பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள், இங்கே மணி மூன்றிலிருந்து ஐந்து.

பிறகு வாட்ஸ்அப். குடும்பக் குழுவில் வரும் வீடியோக்களில் பாதி பழைய புயலுடையவை, வேறு நாட்டுடையவையும் உண்டு. தேதியும் ஊரும் இல்லாத எதையும் ஊருக்கு அனுப்பாதீர்கள். அங்கே பயந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு நம்மிடமிருந்து தேவைப்படுவது அது இல்லை.

இனி, பேச வேண்டிய பேச்சு. இரண்டு நாள் இருக்கும்போதே ஒரு தடவை நிதானமாக உட்கார்ந்து கூப்பிடுங்கள். ‘ஜாக்கிரதையா இருங்க’ என்று சொல்லி வைத்துவிடுவதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. கேள்வியாகக் கேளுங்கள். ராத்திரி எங்கே படுக்கப் போகிறீர்கள்? வீட்டுக்கு மேல் சாய்ந்த மாதிரி தென்னையோ முருங்கையோ இருக்கிறதா? மாட்டை எங்கே கட்டுவீர்கள்? கூரை வீடு, ஓட்டு வீடு, தகரக் கொட்டகை என்றால் அங்கே அந்த இரவு யாரும் இருக்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கத்தில் மாடி வீடு வைத்திருக்கும் சித்தப்பாவோ, பள்ளிக்கூடமோ, புயல் பாதுகாப்பு மையமோ, எங்கே போவது என்பதைப் பகலிலேயே முடிவு பண்ணி, சாயங்காலத்துக்குள் அங்கே இருக்க வேண்டும். காற்று ஏறிய பிறகு கிளம்புவதுதான் பெரிய ஆபத்து. பெரியவர்கள் ‘எத்தனை புயல் பார்த்திருக்கோம்’ என்பார்கள், வீட்டை விட்டு வர மாட்டேன் என்பார்கள். அவர்களோடு போனில் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. பேரப்பிள்ளையைப் பேச விடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் பேச்சுக்குக் கட்டுப்படும் தாய்மாமாவையோ பக்கத்து வீட்டுக்காரரையோ நேரில் போய் அழைத்துவரச் சொல்லுங்கள். கடலோரத் தாழ்வான ஊர் என்றால் காற்றைவிட உள்ளே ஏறும் கடல் தண்ணீர்தான் உயிரை எடுக்கும், அங்கே மாடி வீடு இருந்தாலும் அரசு கிளம்பச் சொன்னால் கிளம்பிவிட வேண்டும்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்லுங்கள், இதைச் சின்னப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். பலமான புயலின் கண் பகுதி ஊர்மேல் நேராகக் கடந்தால் நடுவில் காற்று சட்டென்று அடங்கும், வானம்கூட வெளுக்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்து மரம் விழுந்ததைப் பார்க்கப் போவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப வரும், முதல் பாதியில் ஆட்டம் கண்டு நிற்கும் மரமும் சுவரும் அப்போதுதான் விழும். வானொலியிலோ அதிகாரிகளோ முடிந்தது என்று சொல்லும் வரை கதவைத் திறக்கக் கூடாது.

வீட்டு வேலைகளை அவர்கள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள், நீங்கள் ஞாபகப்படுத்தினால் மட்டும் போதும்: கரண்டு இருக்கும்போதே மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்புவது, குடிதண்ணீர் தனியாகப் பிடித்து வைப்பது, பிரஷர் சர்க்கரை மாத்திரை இரண்டு வாரத்துக்கு வாங்குவது, ஆதார், ரேஷன் அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி உயரத்தில் வைப்பது. அந்த ஆவணங்களை எல்லாம் படம் எடுத்து உங்களுக்கும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள், பின்னால் நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கும்போது அது கைகொடுக்கும்.

பணத்தை உடனே அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா தேக்காவுக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். 2023இல் இருந்து போனிலேயே பணம் அனுப்பும் இங்குள்ள பேநவ்வையும் இந்தியாவின் யூபிஐயையும் இணைத்திருக்கிறார்கள், நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும்தான், ஆனால் கரண்டும் சிக்னலும் இல்லாத ஊரில் ஏடிஎம் திறக்காது, கடைக்காரரின் கியூஆர் அட்டையும் வேலை செய்யாது. கணக்கில் பணம் இருந்தும் பால் வாங்க முடியாது. கஜாவுக்குப் பிறகு சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அதனால் புயலுக்கு முன்பே ரொக்கமாக எடுத்து, அதிலும் நூறு ஐம்பது தாளாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

போன் விஷயத்துக்குத்தான் கொஞ்சம் அதிகமாக யோசிக்க வேண்டும். டவர்களுக்குக் கரண்டு போனால் பேட்டரி, ஜெனரேட்டர் என்று சில மணி நேரம் ஓடும், பிறகு டீசல் தீர்ந்து, ரோடெல்லாம் மரம் விழுந்து கிடப்பதால் நிரப்பவும் ஆள் வர முடியாமல் நின்றுபோகும். வீட்டில் நாலு போன் இருந்தால் ஒன்றை மட்டும் திறந்து வைத்து மற்றதை முழு சார்ஜில் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய பட்டன் போன் இருந்தால் அதுதான் ராஜா, நாள்கணக்கில் தாங்கும். முடிந்தால் வெவ்வேறு நிறுவன சிம் இருக்கட்டும், ஒரு டவர் போனாலும் இன்னொன்று கிடைக்கலாம். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று இருந்தால் திருச்சி வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுவதை நிறுத்துங்கள். சிங்கப்பூரில் அண்ணன், துபாயில் தம்பி, சென்னையில் அக்கா என்று மூன்று பேரும் மாறி மாறி அடித்தால் அம்மா போன் இரவு ஒன்பது மணிக்கே செத்துவிடும். திருச்சியிலோ மதுரையிலோ பெங்களூரிலோ, புயல் தொடாத ஊரில் உள்ள ஒருவரை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அவருக்கு மட்டும் தகவல் போகும், நாம் எல்லோரும் அவரிடம் கேட்டுக்கொள்வோம். போன் கால் போகாத நேரத்தில் குறுஞ்செய்தி போகும் வாய்ப்பு உண்டு, ‘நல்லா இருக்கோம்’ என்று அனுப்பினால் போதும் என்று சொல்லி வையுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. ஊரில் இவற்றைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறுகிய எண்களை இங்கிருந்து அடிக்க முயன்று நேரத்தைப் போக்காமல், மையமாக வைத்த அந்தத் திருச்சிக்காரர் மூலமே கேளுங்கள்.

இங்கேயே பிறந்து வளர்ந்த கணவனோ மனைவியோ பிள்ளைகளோ வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இது எதற்கு இவ்வளவு பதற்றம் என்று சட்டென்று புரியாது. அவர்கள் பார்த்ததெல்லாம் விடிகாலையில் அடித்துவிட்டு ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும் சுமத்ரா காற்று. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் பூமியின் சுழற்சி விசை மிகக் குறைவு என்பதால் புயல் உருவாவது அபூர்வம். 2001 டிசம்பர் 27 அன்று சிங்கப்பூருக்கு மிக அருகே வந்து ஜொகூரில் கரையேறிய வாமெய் புயல் மாதிரி ஒன்று வந்ததை வானிலைக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். வீட்டில் உள்ளவர்களை உட்கார வைத்து ரேடார் படத்தைக் காட்டி, தாத்தா பாட்டி வீடு இங்கே, புயல் இங்கே என்று சொல்லுங்கள். அப்புறம் அவர்களே கூட நின்று பார்ப்பார்கள்.

டிக்கெட் போடலாமா என்று பலர் கேட்பார்கள். என் கருத்து, மூன்று நாளுக்கு முன்னால் போக முடிந்தால் போங்கள், இல்லையென்றால் கடந்த பிறகு போங்கள். இடையில் கிளம்பாதீர்கள். மிக்ஜாமின்போதும் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். திருச்சியில் இறங்கினாலும் அங்கிருந்து ஊருக்குப் போகும் சாலை திறந்திருக்க வேண்டுமே.

அந்த இரவு வந்துவிட்டால் கடைசி போன் காலைச் சீக்கிரமே பேசி முடியுங்கள். அங்கே இருட்டுவதற்குள், எல்லோரும் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, ‘நாளை மத்தியானம் வரை நான் கூப்பிட மாட்டேன், நீங்களும் சிரமப்பட வேண்டாம்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். டார்மிட்டரியில் ஒரே வட்டாரத்துக்காரர்கள் சேர்ந்து இருந்தால் ஒருவர் மட்டும் முறைவைத்து விழித்திருந்து பார்த்தால் போதும். மறுநாள் வேலை உள்ள தம்பிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: தூங்காமல் போய் உயரத்தில் ஏறாதீர்கள், கிரேன் பக்கம் நிற்காதீர்கள். சூப்பர்வைசரிடம் ஊரில் புயல், வீட்டில் பேச முடியவில்லை என்று காலையிலேயே சொல்லி, அன்றைக்குக் கீழே செய்கிற வேலையாகக் கேளுங்கள்.

காலையில் போன் போகாது. அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றோ தொடர்பு எல்லைக்கு வெளியே என்றோ சொல்லும். கஜாவுக்கு அடுத்த நாள் டெல்டா முழுக்க அப்படித்தான் இருந்தது, நன்றாக இருந்த வீடுகளுக்கும் லைன் கிடைக்கவில்லை. போன் போகவில்லை என்றால் டவர் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். திரும்பத் திரும்ப அடிக்காமல் திருச்சிக்காரரிடம் கேளுங்கள், பக்கத்து ஊர்க்காரர் யாருக்காவது கிடைத்தால் அவர்கள் மூலம் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று நின்றாலும் மழை நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து அங்கேயே மெதுவாக நின்று ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அதற்கப்புறம் உள்ளே போய்ப் பெய்த மழையால் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணைக் கரையெல்லாம் வெள்ளம் வந்தது. ஆற்றுக்கரை ஊர் என்றால் இன்னும் இரண்டு நாள் காவல் இருக்கிறது.

லைன் கிடைத்ததும் முதலில் காயம் யாருக்காவது உண்டா, குடிதண்ணீர் இருக்கிறதா, மருந்து நனையவில்லையே என்று மூன்றையும் கேளுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியையும், கம்பிமேல் விழுந்த மரத்தையும் யாரும் தொடக் கூடாது, ஈரச் சுவரில் சுவிட்ச் போடக் கூடாது. துப்புரவு செய்வதற்கு முன்னால் விழுந்த மரம், சரிந்த சுவர், செத்த மாடு எல்லாவற்றையும் படம் எடுத்துவிடச் சொல்லுங்கள். தென்னைக்கெல்லாம் நிவாரணம் மரக் கணக்கில்தான், விஏஓ கணக்கெடுக்க வரும்போது அறுத்து அடுக்கிய மரத்தைக் காட்டி நிரூபிப்பது கஷ்டம். பொருளாக எதுவும் அனுப்ப நினைத்தால் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள், முதல் வாரத்தில் பெரும்பாலும் தார்ப்பாயும் மெழுகுவத்தியும் கொசுவத்தியும் ஜெனரேட்டர் வாடகையும்தான் கேட்பார்கள்.