சேலத்து வெள்ளைக்கல்லை வைத்து வினைவேகம் சொல்லித் தருவது எப்படி?

பத்தாம் வகுப்பில் வினைவேகம் நடத்தும்போது பளிங்குக்கல் துண்டு ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம் வைத்து அமிலம் ஊற்றிக் காட்டுவோம். இரண்டுமே பொங்கும். தூள் கொஞ்சம் சீக்கிரம் பொங்கும், அவ்வளவுதான். கடைசி பெஞ்சுக்கு அந்த வித்தியாசம் எட்டவே எட்டாது.

சேலத்துப் பள்ளிகளுக்கு இதைவிட நல்ல கல் பக்கத்திலேயே இருக்கிறது. நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் கிடைக்கும் மேக்னசைட். இது மக்னீசியம் கார்பனேட். ஆறிய நீர்த்த அமிலத்தில் துண்டாகப் போட்டால் கிட்டத்தட்ட சும்மா கிடக்கும். தூளாக்கி, சூடும் கொடுத்தால் நுரைத்துக்கொண்டு வரும். பரப்பு, வெப்பநிலை என்ற இரண்டு காரணிகளையும் ஒரே கல் சொல்லிக் கொடுத்துவிடும்.

பொங்கி வரும் வாயு கார்பன் டைஆக்சைடுதான் என்று காட்டச் சுண்ணாம்பு நீர் வேண்டும், அந்த வாயு பட்டால் அது பால் போல மாறும். முதல் நாளே அதைத் தயார் செய்துவிடுங்கள். நிறம் சேர்க்காத வெள்ளை வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு ஸ்பூன், ஒரு பாட்டில் தண்ணீர். நன்றாகக் குலுக்கி மூடி, ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்ததை மட்டும் வடித்து, உடனே மூடிவிடவும். திறந்து வைத்தால் காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடே அதன்மேல் ஏடு கட்டிவிடும்.

அமிலம் ஆசிரியர் வேலை. 5 பங்கு தண்ணீரில் 1 பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெல்ல ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. கழிப்பறை கழுவும் ஆசிட் வேண்டாம். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. வினிகரும் எனக்குப் பிடிக்காது. அதில் மேக்னசைட் அசையவே மாட்டேன் என்கிறது.

கல்லைப் பழைய துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள், சில்லு தெறிக்காது. பிறகு ஆய்வகக் கல்வத்தில் மாவு போல அரைக்க வேண்டும். ரவை பதத்தில் நிறுத்தாதீர்கள். ஒப்பிடுவதற்குக் கால்சியம் கார்பனேட்டும் வேண்டும். சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் சத்துணவு முட்டை ஓடு போதும், உள்சவ்வை மட்டும் உரித்துவிடுங்கள்.

இப்போது நான்கு சோதனைக்குழாய்கள். ஒவ்வொன்றிலும் அரை கிராம் பொருள், 10 மி.லி. அமிலம். முதலாவதில் முட்டை ஓடு, இரண்டாவதில் மேக்னசைட் துண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மேக்னசைட் தூள். நான்காவதை மட்டும் வெந்நீர் உள்ள பீக்கரில் நிறுத்துங்கள்.

எனக்குத் தடை வந்தது இரண்டாவது குழாயில்தான். முட்டை ஓடு சீறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் மேக்னசைட் கல் போலவே கிடக்கும். "டீச்சர், இது வேலை செய்யல" என்று யாராவது சொல்வார்கள். அவசரப்பட்டு அடுத்த குழாய்க்குப் போய்விடாதீர்கள். கொஞ்ச நேரம் காத்திருந்து, கல்லின் மேற்பரப்பை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசிமுனை அளவுக் குமிழிகள் அங்கங்கே ஒட்டியிருக்கும். வினை நடக்காமல் இல்லை, மெதுவாக நடக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். "இதை வேகமாக்க என்ன செய்யலாம்?" என்று அப்போது கேளுங்கள். பதில் அவர்களிடமிருந்தே வரும். ஏன் மெதுவாக நடக்கிறது என்று கேட்டால், மக்னீசியம் அயனி கால்சியம் அயனியைவிடச் சிறியது, படிகத்தை விட்டுக் கரைசலுக்கு வர அது அதிக நேரம் எடுக்கும் என்று சொன்னால் இந்த வகுப்புக்குப் போதும்.

வெந்நீர் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். சத்துணவுக் கூடத்தில் கேட்டாலே கொடுப்பார்கள். சோதனைக்குழாயை நேராகத் தீயில் காட்ட வேண்டாம், அமில ஆவி கிளம்பும்.

வாயுவைச் சுண்ணாம்பு நீருக்குள் விட, வளைத்த கண்ணாடிக் குழாயைவிட மருந்துக்கடையில் புதிதாக வாங்கும் டிரிப் செட் குழாயே என் தேர்வு. உடையாது, வளையும். தண்ணீர் பால் போல ஆனதும் குழாயை வெளியே எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் கால்சியம் பைகார்பனேட் உண்டாகி மறுபடியும் தெளிந்துவிடும். அதையே ஒரு கேள்வியாக்கலாம், ஆனால் முதலில் பால் நிறத்தை எல்லோரும் பார்த்திருக்க வேண்டும். சூடான சோதனைக்குழாய் ஆறும்போது சுண்ணாம்பு நீரை உள்ளே இழுக்கும். அதற்காகவும் முன்பே எடுப்பது நல்லது.

அடியில் கரையாமல் கொஞ்சம் தங்கினால் பயப்பட வேண்டாம். கல்லோடு சேர்ந்து வரும் சிலிக்கா அது.

நேரம் இருந்தால் இதே கல்லைச் சூளையில் சுட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கார்பன் டைஆக்சைடு வெளியேறி மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். 2800 டிகிரிக்கு மேல்தான் அது உருகும். எஃகு உலைகளின் உட்சுவரில் அடுக்கும் செங்கல் அதில்தான் செய்கிறார்கள். வெப்பச்சிதைவுப் பாடம் இங்கேயே தொடங்கிவிடலாம்.

பின்சேர்க்கை: சூடாக்கிய தூளும் பொங்கவில்லை என்று ஒரு ஆசிரியை எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தால், பிள்ளைகள் கொண்டுவந்தது வெங்கச்சாங்கல். அதுவும் வெள்ளைதான், ஆனால் குவார்ட்ஸ். இந்த அமிலத்தில் எதுவும் ஆகாது. அரைப்பதற்கு முன் பழைய கண்ணாடி பாட்டிலில் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். வெங்கச்சாங்கல் கண்ணாடியைக் கீறும், மேக்னசைட் கீறாது. இன்னொன்று, கல் வேண்டும் என்று பிள்ளைகளைச் சுரங்கப் பள்ளங்களுக்கு அனுப்பாதீர்கள். ஒரு வகுப்புக்கு எலுமிச்சை அளவுக் கல் ஒன்றே தாராளம்.