போலியோ தடுப்பு மருந்து: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

குழந்தைக்குச் சளியும் லேசான காய்ச்சலும் இருக்கும்போது போலியோ சொட்டு மருந்து கொடுக்கலாமா என்பதே பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி. தாராளமாகக் கொடுக்கலாம். கடுமையான காய்ச்சலில் குழந்தை துவண்டு கிடந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தள்ளிப்போடலாம். மூக்கு ஒழுகுவதெல்லாம் அதற்குக் காரணமாகாது. வயிற்றுப்போக்கு இருந்தாலும் கொடுக்கலாம் என்றாலும், அப்போது மருந்து குடலில் சரியாகச் செயல்படாமல் போகக்கூடும் என்பதால், பின்னர் கூடுதலாக ஒரு தவணை தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தாய்ப்பாலை முன்னரோ பின்னரோ நிறுத்தத் தேவையில்லை. சொட்டு விட்டதும் குழந்தை துப்பிவிட்டாலோ கக்கிவிட்டாலோ, அங்கேயே செவிலியரிடம் சொன்னால் மறுபடியும் கொடுப்பார்கள்.

ஊசி போட்ட பிறகு சொட்டு மருந்து எதற்கு என்ற கேள்வி நியாயமானது. போலியோ வைரஸ் வாய்வழியாக நுழைந்து, குடலில் பெருகி, மலத்தில் வெளியேறி, அசுத்தமான நீரினாலும் கழுவாத கைகளினாலும் அடுத்தவரை அடைகிறது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு அது நரம்புகளைத் தாக்கி, மருந்தால் மீட்க முடியாத வாதத்தை உண்டாக்குகிறது. ஊசியில் உள்ள செயலிழந்த வைரஸ் இரத்தத்தில் எதிர்ப்பொருளை உருவாக்கி நரம்புகளைக் காக்கிறது. ஆனால் குடலில் வைரஸ் பெருகுவதை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. வீரியம் குறைந்த உயிருள்ள வைரஸைக் கொண்ட சொட்டு மருந்தோ குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்கி, உங்கள் குழந்தையிடமிருந்து பக்கத்துக் குழந்தைக்கு நோய் பரவுவதைத் தடுக்கிறது. மேலும், 2016 ஏப்ரல் முதல் வழக்கமான சொட்டு மருந்தில் போலியோ வைரஸின் 1, 3 ஆகிய வகைகள் மட்டுமே உள்ளன. 2ஆம் வகைக்கான பாதுகாப்பு ஊசியில்தான் கிடைக்கிறது.

சொட்டு மருந்தாலேயே வாதம் வருமா என்று அஞ்சுவோர் உண்டு. பல லட்சம் தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில் மிக அரிதாக அவ்வாறு நேர்வது உண்மை. அதை மறைப்பதால் அச்சம்தான் வளரும். ஊசியால் போலியோ வர வாய்ப்பே இல்லை. போட்ட இடத்தில் வலியோ சிவப்போ தோன்றி மறையலாம். குழந்தைக்கோ வீட்டிலுள்ள வேறு எவருக்குமோ நோய் எதிர்ப்புக் குறைபாடு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அத்தகைய நிலையில் ஊசிதான் ஏற்றது. சொட்டு மருந்துக்குப் பின் சில வாரங்களுக்கு மலத்தில் அந்த வைரஸ் வெளியேறும் என்பதால், குழந்தையைக் கழுவிவிட்ட பின் சோப்புப் போட்டுக் கைகழுவுவது அவசியம்.

மருந்து கெட்டிருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், குப்பியைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம், தயங்க வேண்டியதில்லை. அதன் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். உட்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியிருந்தால், மருந்து வெப்பத்தால் கெடவில்லை. சதுரம் கருத்து, வட்டத்தின் நிறத்தை எட்டியிருந்தாலோ அதைவிட அடர்ந்திருந்தாலோ, அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது.

தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எல்லாத் தவணைகளும் முடிந்த குழந்தைக்கும் முகாம்களில் மீண்டும் கொடுப்பதால் தீங்கில்லை. இயற்கையான போலியோ வைரஸ் இன்று பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டுமே தொடர்ந்து பரவிவருகிறது என்றாலும், அறிகுறியின்றிப் பயணிக்கும் ஒருவரே அதை வேறெங்கும் கொண்டுசெல்லப் போதும். தடுப்பூசி அட்டையில் ஒவ்வொரு தவணையின் தேதியையும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தவணையை முடிவு செய்யவும், பள்ளியிலோ வெளிநாட்டுப் பயணத்திலோ கேட்டால் காட்டவும் அது உதவும்.